பங்குனியிலிருந்தே தெரியும்

காய்ச்சல் வந்த முதல் சில நாட்கள் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஆவணி மாதம். காலையில் எழும்போது தலை மட்டும் கனக்கும். மத்தியானம் ஆனால் உடம்பு காயும். சாயங்காலம் வந்து படுத்தால் எழுந்திருக்கவே தோன்றாது. மறுநாள் விடியும்போது கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும், அதை நம்பி மறுபடியும் புடவை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். டைபாய்டு அப்படித்தான் ஏறும் என்று பிறகு சொன்னார்கள். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட ஒரு படி மேலே போகுமாம். எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கரும்பலகையில் நான் எழுதிய வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற ஆரம்பித்தன. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றோடு பள்ளிக்கூடம் நின்றது.

எனக்கு அப்போது நாலு மாதம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. ஐந்து மாதம் முடியட்டும் என்று வெளியே யாருக்கும் சொல்லாமல் இருந்தோம்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் கணவர் சாந்தகுமார் நெல் மண்டி வைத்திருந்தார். அவருடைய அக்கா ராஜமதி, சின்ன வயதிலேயே புருஷனை இழந்து தம்பியோடு வந்து இருந்துவிட்டவர். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சமையலறை முழுக்க அவர் கையில். நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டோம், தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் வாயில் வைக்கமாட்டோம். அந்த வடிகட்டும் துணியை அக்கா வேறு யாரையும் தொடவிடமாட்டார். துவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்து வைப்பதெல்லாம் அவரே. என்னை அடுப்புப் பக்கம் விட்டதில்லை. "நீ பசங்களுக்குச் சொல்லிக்குடு. சோறாக்கறத நான் பாத்துக்கறேன்" என்பார்.

அந்த வருஷம் தை மாதத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் பொது சுகாதாரத் துறை எங்கள் தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தது. காஞ்சிபுரத்தில் வருஷா வருஷம் வருகிற டைபாய்டு எங்கிருந்து தொடங்குகிறது, எப்படி வீட்டுக்கு வீடு போகிறது என்று கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி. அதற்கு வீடு வீடாக ரத்தமும் மலமும் வாங்கிச் சோதிக்கவேண்டும். ரத்தம் என்றாலே ஜனங்கள் பயந்தார்கள். இன்னொன்றைக் கேட்டால் கதவைச் சாத்தினார்கள். அதற்குப் பொறுப்பாக வந்திருந்தவர் டாக்டர் ரகுநாதன். முப்பது வயதுகூட இருக்காது. ஒல்லியான ஆள், எப்போதும் சைக்கிளில்தான் வருவார். ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னைப் பார்த்தார்.

"டீச்சர், நான் போனா யாரும் வாசப்படி ஏத்த மாட்டேங்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க."

நான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினேன். "நம்ம நல்லதுக்குத்தான்மா. யாருக்கு இன்னா இருக்குதுன்னு தெரிஞ்சா ஒடனே கூப்ட்டு மருந்து குடுப்பாங்க" என்று தறிக்காரர் வீட்டுப் பெண்களிடம் சொன்னது நான்தான். அப்படித்தான் அவர் என்னிடம் சொல்லியிருந்தார். மற்றவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று முதலில் எங்கள் வீட்டில் எடுக்கச் சொன்னேன். அக்காதான் வெட்கப்பட்டார். "கருமம், இத்தையெல்லாமா டப்பாவுல போட்டுக் குடுப்பாங்க" என்று முனகினார். ஆனாலும் கொடுத்தார்.

டாக்டர் ரகுநாதனுக்கு ஊரில் யாரும் இல்லை. மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில் என்று ஆகிவிட்டது. அக்காவின் மோர்க்குழம்பை அவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். அக்காவுக்கு அதில் ஒரு பெருமை. டாக்டர் தம்பி வர நேரமாச்சு என்று அப்பளத்தைப் பொரிக்காமல் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

பங்குனிக் கடைசியில் அது நின்றது. டாக்டர் வருவார், உட்காருவார், பேசுவார். இலை போடட்டுமா என்றால், "வயித்துல கோளாறு அக்கா, வேணாம்" என்பார். மோராவது குடிங்க என்றால் அதுவும் வேண்டாம். அக்கா மனசுக்குக் கஷ்டப்பட்டார். "வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாடு. எத்தினி நாளிக்குத்தான் துன்னுவாரு. அலுத்துப்போச்சு போலக்குது" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வைகாசித் திருவிழாவுக்கு எங்கள் வாசலில் பானை வைத்து அக்கா மோர் ஊற்றினார். வருஷம் தவறாமல் செய்வது. யார் சாமியானாலும் வெயிலில் நடக்கிறவர்களுக்குத் தாகம் தாகம்தானே என்பார். அன்று டாக்டர் எதிர்ச்சாரி நிழலில் சைக்கிளைப் பிடித்தபடி வெகு நேரம் நின்றிருந்தார். நான் கையை ஆட்டிக் கூப்பிட்டேன். அவசரமாக எங்கோ போகவேண்டும் என்பதுபோல் சைக்கிளில் ஏறிப் போனார்.

எனக்குக் காய்ச்சல் என்றதும் முதலில் மண்டிக்குப் பக்கத்து வைத்தியர் கொடுத்த மருந்தைக் குடித்தேன். கேட்கவில்லை. என் கணவர் டாக்டர் ரகுநாதனை அழைத்து வந்தார். அவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நடுவில் வெள்ளை படிந்து ஓரம் சிவந்திருந்தது. வயிற்றை அமுக்கினார். நெஞ்சுக்குக் கீழே மங்கலாக இரண்டு மூன்று சிவப்புப் புள்ளிகள் இருந்தன. விரலால் அழுத்தியதும் அவை மறைந்து மறுபடி வந்தன.

அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு, "நாலு மாசம் தம்பி. பாத்து மருந்து குடுங்க" என்றார்.

டாக்டர் நிமிர்ந்தார். "எனக்குத் தெரியாதே" என்றார்.

"யாருக்கும் சொல்லல தம்பி. இன்னும் கொஞ்ச நாளு போவட்டும்னு இருந்தோம்."

கையில் எடுத்த ஊசிக்குழலை அவர் பெட்டியில் திரும்ப வைத்தார். பிறகு மறுபடி எடுத்தார். ரத்தம் எடுக்கும்போது இரண்டாம் தடவைதான் நரம்பு கிடைத்தது.

அந்த ரத்தத்தில் செய்த சோதனைக்கு விடால் என்று பெயர். டைபாய்டு கிருமி உடம்பில் புகுந்தால் ரத்தம் அதை எதிர்த்துச் சண்டைபோட ஒரு பொருளை உண்டாக்குமாம். ரத்தத்தின் தெளிந்த நீரை மேலும் மேலும் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து, எந்த அளவு வரை அந்தப் பொருள் கிருமியைக் கட்டியாகச் சேர்க்கிறது என்று பார்ப்பார்கள். எவ்வளவு நீர்த்தும் வேலை செய்கிறதோ அந்த அளவுக்கு நோய் நிச்சயம். எனக்கு நிச்சயம் என்று வந்தது.

டைபாய்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எதிர் வீட்டு ஏகாம்பரத்தின் மனைவி நினைவுக்கு வந்தாள். ஏகாம்பரம் தறி நெய்கிறவர். அவர் மனைவி செல்லம்மா சின்னப் பெண். தினமும் ஒரு சொம்பு எடுத்துக்கொண்டு அக்காவிடம் மோருக்கு வருவாள். ஆடியில் அவளுக்கு இதே காய்ச்சல். குடல் ஓட்டையாகி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு போகும்போது டாக்டர் ரகுநாதன் தெருவில் தலைகுனிந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

ஊர் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்கு என்று சில கட்டில்கள் ஒதுக்கியிருந்தார்கள். என்னை அதில் ஒன்றில் சேர்த்தார்கள். மருந்து, சோதனை எல்லாம் பல்கலைக்கழகக் கணக்கில் என்று டாக்டர் சொன்னார். என் கணவர் அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லன்னா நாங்க இன்னா பண்ணியிருப்போம் சார்" என்றார்.

டாக்டர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

வார்டில் நீளமான இரண்டு வரிசையாகக் கட்டில்கள். மேலே மரச்சட்டம். ஜன்னலுக்கு வெளியே ஒரு புங்கமரம். குளோராம்பெனிகால் என்று கசப்பான மருந்து, கேப்ஸ்யூல் கூட்டுக்குள் அடைத்து வருவது. பகல் இரவு பார்க்காமல் எழுப்பிக் கொடுப்பார்கள். கெட்டியாக எதுவும் தின்னக்கூடாது. டைபாய்டில் சிறுகுடலின் உள்பக்கம் புண்ணாகி மெலிந்து போயிருக்கும். பசிக்கிறதே என்று சோறு தின்றால் அந்த இடம் கிழிந்துவிடும், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் இந்த ஆபத்து அதிகம் என்று நர்ஸ் அம்மா ஒவ்வொரு கட்டிலுக்கும் சொல்லிக்கொண்டு போவார். காது மந்தமாகிவிட்டது. பேசுகிறவர்கள் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். ராத்திரிகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு நினைவில்லை. மரச்சட்டத்தில் தறிக்குப் போடுகிற பாவு நூலை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், அறுந்துவிடப் போகிறது, யாராவது பிடியுங்கள் என்று நான் கத்தினேனாம். பக்கத்துக் கட்டில் அம்மா சொல்லித்தான் தெரியும்.

அந்த அம்மா செவிலிமேட்டிலிருந்து வந்தவர். அவருக்கும் இதே காய்ச்சல்தான், முற்றவில்லை. அவருக்கு வீட்டிலிருந்து வடித்த கஞ்சி, பருப்புத் தண்ணீர் வரும். எனக்கு மட்டும் வீட்டுச் சாப்பாடு கூடாது என்று உத்தரவு. முதல் நாளே தூக்குச்சட்டியோடு வந்த அக்காவை வராந்தாவில் நிறுத்திவிட்டார்கள்.

"பொரிகஞ்சிதாம்மா. பொழுது சாயறதுக்குள்ள குடிக்கணும் அவ. உப்புகூட அளவாத்தான் போட்டேன்" என்று அக்கா சொல்வது எனக்குக் கேட்டது.

"டாக்டர் சொல்லியிருக்காருங்க. இந்தக் கட்டிலுக்கு வெளிச் சாப்பாடு வேணாம்னு" என்றார் நர்ஸ்.

"எங்க ஊட்டுக் கஞ்சியில இன்னா இருக்குதுன்னு வேணாம்ன்றாங்க?"

நர்ஸுக்கும் தெரியவில்லை. அக்கா தூக்குச்சட்டியைத் திருப்பி எடுத்துப்போனார். மறுநாளும் கொண்டுவந்தார், மறுநாளும் திருப்பினார்கள். எனக்குக் கோபம் வந்தது. டாக்டர் ரகுநாதன் வந்தபோது, "பக்கத்துல எல்லாரும் வீட்டுக் கஞ்சி குடிக்கறாங்க. எங்கக்காவை மட்டும் ஏன் இப்படி அவமானப்படுத்தறீங்க" என்று கேட்டேன். "கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க டீச்சர்" என்று சொல்லி, காய்ச்சல் அட்டவணையைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டார். பிறகு அக்கா வெறும் கையோடு வந்தார். வியர்வையில் நனைந்த என் துணிகளை எடுத்துப்போய் அலசிக் கொண்டுவருவார். கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துவிடுவார். என் முடி கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தபோது, அதை நான் பார்க்காதபடி முந்தானையில் முடிந்துகொள்வார். என் கணவர் மண்டியைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு வராந்தாவிலேயே கிடந்தார்.

காய்ச்சல் இறங்கத் தொடங்கியதும் எல்லோரும் கொஞ்சம் மூச்சு விட்டோம். அதற்கு இரண்டு நாள் கழித்து, மத்தியானம், இடுப்பில் வலி எடுத்தது. அதிகம் எழுத முடியவில்லை. திரை கட்டினார்கள். அக்கா திரைக்குள்ளேயே இருந்தார், வெளியே போகச் சொன்னதற்கு அசையவில்லை. எல்லாம் ஆன பிறகு என் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "இன்னான்னு கேக்காத. கேக்காத விமலா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் டாக்டர் ரகுநாதன் வந்து கட்டில் காலடியில் நின்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. இத்தனை நல்ல மனுஷன் நமக்காக அழுகிறாரே என்று எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. "நீங்க இன்னா பண்ணுவீங்க டாக்டர்" என்று நான்தான் அவரைத் தேற்றினேன்.

வாரத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து புரொபசர் வருவார். ஆராய்ச்சிக்குத் தலைவர் அவர்தான். அவரோடு மாணவர்கள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். கட்டில் கட்டிலாக நின்று ஆங்கிலத்தில் பாடம் சொல்லுவார். அதற்கு முன் வந்தபோதெல்லாம் எனக்குக் காதும் கேட்கவில்லை, நினைவும் சரியில்லை. அந்தத் தடவை தெளிவாக இருந்தேன். கண்ணை மூடிப் படுத்திருந்தேன்.

இந்த நோயாளிதான் முக்கியமானவள் என்று தொடங்கினார். இவள் வீட்டில் சமைக்கிற பெண், கணவனின் அக்கா, கிருமி தாங்கி. அவளுக்கு ஒரு நோயும் இல்லை, ஆனால் எப்போதோ வந்துபோன டைபாய்டின் கிருமி அவள் பித்தப்பையில் குடியிருக்கிறது, வாழ்நாள் முழுக்க மலத்தில் வெளியேறும், கை வழியாகச் சாப்பாட்டுக்குப் போகும். மார்ச்சிலிருந்தே நமக்குத் தெரியும். அதற்குப்பின் தெருவில் மூன்று வீடுகள், இப்போது அவள் வீடு. எல்லாரிடமும் எடுத்த கிருமி ஒரே வகை. இவ்வளவு தெளிவாக நம் நாட்டில் யாரும் இதைக் காட்டியதில்லை.

ஒரு மாணவி கேட்டாள், அந்தப் பெண்ணுக்கு இது சொல்லப்பட்டிருக்கிறதா என்று.

இன்னும் இல்லை, மழைக்காலம் முடியட்டும் என்றார் புரொபசர். சொன்னால் சமைப்பதை விட்டுவிடுவாள். பிறகு நாம் எதைப் பின்தொடர்வது?

நான் கண்ணைத் திறந்தேன். புரொபசர் என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் ரகுநாதன் பார்த்தார். நான் ஆங்கில டீச்சர் என்பது அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. எல்லாரும் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்கள்.

எல்லோரும் போன பிறகு அவர் தனியாக வந்தார். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"டீச்சர்" என்றார்.

"அந்த டப்பாவ முதல்ல எங்க வீட்டுல எடுங்கன்னு சொன்னது நான்தானே" என்றேன்.

"ஒரு தடவை வந்ததை வெச்சு முடிவு பண்ணக்கூடாது. மூணு தடவை பார்க்கணும்னாங்க. மூணு தடவையும் வந்துது. அப்பறம் நான் சொல்லிடலாமான்னு கேட்டேன். ரெண்டு வாட்டி கேட்டேன்."

"யாரைக் கேட்டீங்க?"

"புரொபசரை."

"எங்களைக் கேட்டிருக்கலாமே."

அவர் தலை குனிந்து, சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தொட்டுக்கொண்டிருந்தார். "இது தெரிஞ்சா பின்னாடி ஆயிரக்கணக்கான பேருக்கு நல்லது டீச்சர். அப்படித்தான் என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். நீங்க உண்டாகியிருக்கீங்கன்னு தெரிஞ்சிருந்தா..."

"செல்லம்மா உண்டாகல. அவளுக்கு மட்டும் சொல்லாம இருக்கலாமா?"

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நீங்க எங்க வீட்டுல சாப்பிடறத எப்ப நிறுத்தினீங்க டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் எழுந்துவிட்டார். ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார். கதவு வரை போய், திரும்பி ஏதோ சொல்லப் பார்த்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பிள்ளை போனதற்குக்கூட நான் அப்படி அழவில்லை. பங்குனியிலிருந்து அவர் வந்து உட்கார்ந்த ஒவ்வொரு மத்தியானமும் நினைவுக்கு வந்தது. வேண்டாம் அக்கா, வேண்டாம் அக்கா என்று அவர் சொல்லச் சொல்ல, அதே குழம்பை அக்கா எனக்கு ஊற்றினதும், அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததும்.

என் கணவரிடம் அன்றே சொன்னேன். அவருக்குப் புரியவே நேரம் ஆனது. புரிந்ததும் அவர் கேட்ட முதல் வார்த்தை, "அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லாத. செத்துப்பூடும் அது. அவங்களே மருந்து குடுத்துச் சரி பண்ணட்டும். வேற எதுக்கோ வைத்தியம்னு சொல்லிக்கலாம்."

"அவங்களும் சொல்லாமத்தானே விட்டாங்க" என்றேன். அவர் வெளியே போய் வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றார்.

வீட்டுக்கு வந்த அன்று அக்கா எனக்கென்று குழைய வடித்த சோறும் பருப்பும் வைத்தார். தட்டின்முன் உட்கார்ந்தேன். கை போகவில்லை. பயம் ஒரு பக்கம். அவரைப் பார்த்து, வேண்டாம் அக்கா என்று சொன்னால் என் வாயிலும் அந்த டாக்டரின் வார்த்தையே வருமே என்பது இன்னொரு பக்கம். பசி இல்லை என்றேன். மறுவேளையும் அதையே சொன்னேன்.

"நான் போட்டா உனக்கு எறங்கலபோல. ஒங்கம்மா ஊட்டுக்கு வேணா போய் இருந்துட்டு வா. நான் தப்பா நெனைக்க மாட்டேன்" என்றார் அக்கா. முகத்தைக் காட்டாமல், குடத்து வாயில் துணியை வைத்துத் தண்ணீர் வடிகட்டிக்கொண்டே சொன்னார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பித்தப்பை எங்கே இருக்கிறது, கிருமி எப்படி அங்கே தங்கும், இதில் அவர் குற்றம் ஒன்றும் இல்லை, கையை எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்துவிடலாம், எல்லாம்.

"எனக்கு ஒண்ணும் இல்லியே விமலா" என்றார். "ஒரு தலவலிகூட வந்ததில்லியே."

"ஆமா அக்கா. இது அப்படித்தானாம்."

கொஞ்ச நேரம் துணியிலிருந்து தண்ணீர் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நம்ம கொழந்த?" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "செல்லம்மா?" என்றார். பிடித்த கையை நான் விடவில்லை. அவர் புரிந்துகொண்டார்.

"தம்பி வந்து குந்திக்கினு அத்தினி நாளு பேசிட்டுப் போச்சே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அடுப்பாண்டயே போயிருக்க மாட்டேனே" என்றார். திட்டவில்லை. நிஜமாகவே விளங்காதவர் மாதிரி என்னைப் பார்த்துக் கேட்டார். "நான் கேக்க மாட்டேன்னு நெனச்சிச்சா?"

வடிகட்டின தண்ணீரை முற்றத்தில் கொட்டினார். அதன்பிறகு அவர் சமையலறைக்குள் கால் வைக்கவில்லை. என் கணவர் சமைத்தார். ஒருநாள் சோறு களியாகும், ஒருநாள் அரிசியாகவே இருக்கும். நாங்கள் மூன்று பேரும் அதையே தின்போம்.

பித்தப்பையை எடுத்துவிட்டால் கிருமிக்கு இடமில்லாமல் போகும் என்று சொல்லி, சென்னையில் அறுவைக்கு ஏற்பாடு செய்தார்கள். அதையும் பல்கலைக்கழகமே செய்தது. அறுவை ஒழுங்காக முடிந்தது, பிறகு பார்த்த சோதனைகளில் கிருமி இல்லை என்றும் வந்தது. டாக்டர் ரகுநாதன் அடுத்த வருஷம் மேல்படிப்புக்கு வெளிநாடு போனதாகக் கேள்வி. இதெல்லாம் பின்னால் நடந்தவை. அறுவைக்குப் போவதற்கு முந்தின வாரம் நடந்ததைத்தான் நான் சொல்ல நினைத்தேன்.

அக்கா காலையில் தலை முழுகி, வெளுத்த புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றார். "நான் உயிரோட திரும்பி வருவனோ மாட்டனோ. அதுக்கு முன்னாடி அந்த மூணு வூட்டுக்கும் போய்ச் சொல்லிட்டு வந்துடணும்" என்றார். என் கணவர் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். மண்டிக்கு ஒரு ஈ காக்கை வராது என்றார். அக்கா அவரைத் தாண்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். நேராக டாக்டர்களின் வாடகை வீட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"தம்பி, நீங்களும் கூட வாங்க. எனக்கு வெவரமாச் சொல்ல வராது. நீங்க சொன்னா அவுங்களுக்கு வெளங்கும்" என்றார் அக்கா.

டாக்டர் ரகுநாதன் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு அனுமதி இல்ல அக்கா. ஆராய்ச்சி இன்னும் முடியல."

"செரி தம்பி" என்றார் அக்கா. படியிறங்கும்போது, "பாவம், அதுக்கும் மேல ஆளு இருக்குது" என்று என்னிடம் சொன்னார். எனக்கு அக்காமேலேயே அப்போது கோபம் வந்தது.

முதல் வீட்டில் பையன் பிழைத்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "டீச்சர், நீதானே வந்து கேட்டு எங்களாண்ட வாங்கிக்கினு போன" என்றாள். இரண்டாவது வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சாத்தின கதவுக்கு வெளியே நின்று அக்கா மீதியையும் சொல்லி முடித்தார்.

மூன்றாவது ஏகாம்பரம் வீடு. அவர் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஊடு நூல் ஓட்டுகிற நாடாவை நிறுத்தி, மேலே ஏறி வந்தார். அக்காவால் அங்கே வாய் திறக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் சொன்னேன். புரொபசர் என் கட்டிலருகே ஆங்கிலத்தில் சொன்ன அதே வார்த்தைகளை, தமிழில், மெதுவாகச் சொன்னேன்.

ஏகாம்பரம் நின்றபடியே கேட்டார். கடைசியில், "அவுங்களுக்கு எப்பத்துலருந்து தெரியும் டீச்சர்?" என்றார்.

"பங்குனியிலிருந்து."

விரலை மடக்கி மாதங்களை எண்ணினார். "அது ஆடியிலதானே படுத்துச்சு" என்றார், யாரிடமும் இல்லாமல்.

எங்களைத் திட்டவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. மறுபடி தறிக்குழியில் இறங்கி, பலகையில் உட்கார்ந்து, நாடாவைக் கையில் எடுத்தார். நாங்கள் வெளியே வந்தோம். இப்போது தறிச்சத்தம் கேட்கும், இப்போது கேட்கும் என்று நான் எங்கள் வாசல் வரை காதைக் கொடுத்துக்கொண்டே நடந்தேன். கேட்கவில்லை.